தனி ஆளாக முதன்முறை பாய்மரப் படகு எடுக்கிறேன்: காற்று எவ்வளவு இருக்கலாம், கரைக்குத் திரும்புவது எப்படி?

முதல்பாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் ஒற்றைப் பாயும் கொண்ட, ஒருவர் ஓட்டுவதற்கான பழைய லேசர் வகைப் படகு ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். இதற்கு முன் நண்பர் ஒருவரின் இருவர் படகில் ஏழெட்டு முறை உடன் சென்றிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் அவர் சொன்ன கயிற்றை இழுப்பதும் அவர் சொன்ன பக்கம் நகர்ந்து உட்காருவதுமே என் வேலையாக இருந்தன. சுக்கான் என் கையில் இருந்த நேரத்தைக் கூட்டினால் அரை மணி தேறாது. அந்த நேரத்திலும் வலப்பக்கம் திருப்ப எண்ணி இடப்பக்கம் திருப்பியதே அதிகம்.

படகை இறக்க எண்ணியிருக்கும் இடம் ஒரு பெரிய ஏரி. அகலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் இருக்கும். நான் இறங்கும் பக்கம் மெல்லச் சரியும் மணற்கரை; எதிர்க்கரையில் நாணலும் கல்லும் மண்டிக் கிடக்கின்றன. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். மிதவை அங்கியும் வைத்திருக்கிறேன். பாய்க்கும் காற்றுக்கும் உள்ள கோணங்களை விளக்கும் படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்று வரும் திசைக்கு நேராகப் படகு போகாது என்பதும், அத்திசையிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகித்தான் ஓட்ட முடியும் என்பதும், எதிர்க்காற்றில் முன்னேற வேண்டுமானால் குறுக்கும் மறுக்குமாகத்தான் போக வேண்டும் என்பதும் ஏட்டளவில் புரிந்துவிட்டன.

எனக்குத் தெளிவில்லாதவை வேறு. முதல் நாளுக்கு எவ்வளவு காற்று பொருத்தம் என்று கேட்டால் எல்லாரும் "மிதமான காற்று" என்கிறார்கள். மிதம் என்றால் எவ்வளவு என்று எவரும் சொல்வதில்லை. வானிலை அறிவிப்பில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று இருந்தால் போகலாமா, கூடாதா? படகு கவிழ்ந்தால் ஒருவராக நிமிர்த்த முடியுமா? புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்து சேர்வதை எப்படி உறுதி செய்துகொள்வது? போவதைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை, வருவதைப் பற்றித்தான். அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

சுக்கான்பிடி எழுதியது:

வணக்கம் நண்பரே. திரும்பி வருவதைப் பற்றிக் கரையில் இருக்கும்போதே எண்ணியிருக்கிறீர்கள். பலர் நீரின் நடுவில் நிற்கும்போதுதான் அதை எண்ணத் தொடங்குகிறார்கள். ஆனால் திரும்புவதற்கும் முன்னால் கற்க வேண்டியது படகை நிறுத்துவது. இருவர் படகில் உடன் சென்று பழகியவர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டுவது பிடிபட்டிருக்கும், நிறுத்துவது பிடிபட்டிருக்காது. ஏனென்றால் அந்த வேலையைச் சுக்கானில் இருப்பவர் ஓசைப்படாமல் செய்து முடித்துவிடுகிறார்.

முதலில் காற்றின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 1805ஆம் ஆண்டில் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த காற்று அளவுகோலைப் படகோட்டிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டாம் நிலை என்பது 4 முதல் 6 நாட் வரை, மூன்றாம் நிலை என்பது 7 முதல் 10 நாட் வரை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆகவே இரண்டாம் நிலையின் தொடக்கத்திலிருந்து மூன்றாம் நிலையின் நடுப்பகுதி வரை, அதாவது மணிக்கு 7 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலான காற்றையே உங்கள் முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பேன். அதைவிடக் குறைந்தால் படகுக்கு ஓட்டம் இராது, ஓட்டம் இல்லாத படகில் சுக்கானும் வேலை செய்யாது. பயிற்சியே நடக்காமல் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் போகாதீர்கள். அது நான்காம் நிலையின் வாசல். கேட்பதற்குப் பெரிய வேகமாகத் தோன்றாது என்பது உண்மைதான். ஆனால் பாயின் மேல் காற்று செலுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது; 10 கிலோமீட்டர் காற்று 20 ஆனால் விசை இரண்டு பங்காவதில்லை, நான்கு பங்காகிறது. மேலும் அறிவிப்பில் தரப்படுவது சராசரி வேகம். இடையிடையே வரும் வீச்சுகளைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சராசரி 20 என்றும் வீச்சு 30 என்றும் இருந்தால், அந்த வீச்சு உங்கள் பாயைத் தாக்கும் விசை 10 கிலோமீட்டர் காற்றின் விசையைப் போல ஒன்பது மடங்கு.

எண்களை நம்பாமல் நீரையும் பாருங்கள். அலை முகடுகள் ஆங்காங்கே வெளுக்கத் தொடங்குவது மூன்றாம் நிலையில். பார்க்கும் இடமெல்லாம் வெண்ணுரை தெரிந்தால் அது நான்கோ அதற்கு மேலோதான், அன்று படகை மூடிவைத்துவிட்டு மற்றவர்கள் ஓட்டுவதை வேடிக்கை பாருங்கள். நீர்ப்பரப்பில் கருமையான திட்டுகள் நகர்ந்து வந்தால் அவையே வீச்சுகள். அவை உங்களை எட்டுவதற்கு முன்னால் கண்ணால் பிடித்துவிடப் பழகுவது இந்தக் கலையில் பாதி.

உங்கள் படகுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே படகுடலில் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்களில் எதையும் பூட்டலாம். பாய்மரத்தின் கீழ்ப்பாதியை மட்டும் அதற்கேற்ப மாற்றினால் போதும். பழைய படகுடன் பெரும்பாலும் பெரிய பாய்தான் வந்திருக்கும். எவரிடமாவது சிறிய பாயை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்க முடிந்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றின் அளவைவிட அதன் திசைக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று புதியவர்களை ஏமாற்றும் காற்று. மரங்களும் மேடும் மறைப்பதால் கரையோரம் நீர் கண்ணாடிபோல் இருக்கும், படகு இறங்குவதும் எளிது. முந்நூறு மீட்டர் போன பிறகுதான் முழுக் காற்றும் தாக்கும், அப்போது கரை உங்களுக்கு எதிர்க்காற்றில் இருக்கும். அத்தகைய நாளில் தனியாகப் போக வேண்டாம். நீரிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்றில் புறப்படுவது கடினம், ஆனால் எது நடந்தாலும் காற்று உங்களைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். மிகப் பொருத்தமானது கரைக்கு இணையாக வீசும் காற்று. அதில் கரையிலிருந்து நேராக வெளியே போகும்போதும் காற்று பக்கவாட்டில் இருக்கும், அப்படியே திரும்பி வரும்போதும் பக்கவாட்டில் இருக்கும். எதிர்க்காற்றில் ஏறும் திறமை இல்லாமலேயே வீடு திரும்பிவிடலாம்.

இனி நிறுத்துவது. காற்று படகின் பக்கவாட்டிலிருந்து வரும்படி வைத்துக்கொண்டு பாய்க்கயிற்றை முழுவதும் தளர்த்திவிடுங்கள். பாய் கொடிபோல அலைந்து படபடக்கும்; படகு சில நொடிகளில் ஓட்டம் இழந்து, இருந்த இடத்தில் மெல்ல மிதந்து ஒதுங்கும். அந்தப் படபடப்பு ஓசை புதியவர்களுக்கு ஏதோ கிழிகிறது என்ற அச்சத்தைத் தரும். உண்மையில் பாயில் விசை இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். கரையிலிருந்து நூறு மீட்டர் போனதும் இதைப் பத்து முறை செய்து பாருங்கள்: ஓட்டுங்கள், விடுங்கள், நில்லுங்கள், மறுபடி இழுத்து ஓட்டுங்கள். குழப்பம் எதுவானாலும் கை தானாகவே கயிற்றை விட வேண்டும். புதியவர்களின் கை அதற்கு மாறாக இறுகப் பிடிக்கும், அதனால்தான் படகு கவிழ்கிறது. கயிற்றைக் கவ்வியில் பூட்டிவைப்பதையும் முதல் சில நாட்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: பின்காற்றில் போகும்போது கயிற்றை எவ்வளவு விட்டாலும் காற்று பாயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், படகு எளிதில் நிற்காது. அப்போது அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றை நோக்கித் திருப்பிப் பக்கக்காற்றுக்கு வந்த பிறகே நிறுத்த முடியும்.

சுக்கான் குழப்பத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். கைப்பிடியைத் தள்ளிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் படகு திரும்புகிறது என்று மனப்பாடம் செய்வதால் பயனில்லை, அவசரத்தில் மறந்துவிடும். இடம், வலம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டுப் பாயைப் பாருங்கள். கைப்பிடியைப் பாயை நோக்கித் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும். பாயிலிருந்து விலக்கி உங்கள் பக்கம் இழுத்தால் காற்றிலிருந்து விலகும். எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் இது மாறாது.

அலைக்கோடு எழுதியது:

சுக்கான்பிடி அவர்கள் எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கவிழ்வதைப் பற்றி அவர் ஒரு வரி மட்டும் எழுதிக் கடந்துவிட்டார். என் கருத்தில் முதல் நாளின் முதல் பாடம் அதுதான். ஓட்டிப் பழகும் முன்பே படகைக் கரையோரம், மார்பளவைவிடச் சற்று ஆழமான நீரில், வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். இரண்டு முறை செய்தால் போதும். அதன்பின் கவிழ்வது பேராபத்து அல்ல, நனைதல் மட்டுமே என்று உடம்பு தெரிந்துகொள்ளும். ஆழம் மிகக் குறைந்த இடத்தில் செய்யாதீர்கள். பாய்மரத்தின் நுனி சேற்றில் செருகிக்கொண்டால், அந்நிலையில், படகின் நடுவே அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி அழுத்துவது மரத்தையே வளைத்துவிடும்.

முறை இதுதான். விழுந்ததும் படகை விட்டு விலகாதீர்கள். காற்றில் கவிழ்ந்த படகு நீங்கள் நீந்துவதைவிட விரைவாக ஒதுங்கிப் போய்விடக்கூடும். பாய்க்கயிற்றைக் கையில் பிடித்தபடி படகைச் சுற்றி அதன் அடிப்பக்கத்துக்கு வாருங்கள். கயிறு கவ்வியில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து விடுவித்துவிடுங்கள், இல்லையேல் நிமிர்ந்த மறுநொடி படகு உங்களை விட்டுவிட்டு ஓடும் அல்லது மீண்டும் கவிழும். பிறகு நடுப்பலகையைக் கையால் பற்றி எடையைக் கொடுங்கள். முடியவில்லையென்றால் அதன் மேல் ஏறி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சாயுங்கள். இங்கே முரட்டுத்தனம் பயன் தராது. பாய்க்குள் நிற்கும் நீர் வடிந்து முடியும் வரை படகு அசையாததுபோல் இருக்கும், பின்னர் திடீரென எழும். எழும் நேரத்தில் நடுவிலுள்ள குழியை நோக்கி விளிம்பின் மேலாக உடலைச் சரித்துவிட வேண்டும்.

நிமிர்த்தும்போது பாய் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது முக்கியம். காற்று வரும் பக்கத்தில் நீரில் கிடந்தால், நீங்கள் தூக்கியவுடன் காற்று அதன் அடியில் புகுந்து படகை உங்கள் தலைக்கு மேலாக மறுபக்கம் புரட்டிவிடும். பதறாமல் அணியத்தைப் பிடித்தபடி சற்றுநேரம் மிதந்தால் படகு தானாகவே திரும்பி அணியம் காற்றை நோக்கும், அதன்பின் தூக்குங்கள்.

உங்களிடம் உள்ள மிதவை அங்கி எவ்வகை என்று பாருங்கள். சிறு படகோட்டிகள் அணிவது பெரும்பாலும் 50 நியூட்டன் மிதப்பாற்றல் கொண்டது. அசைந்து வேலை செய்ய அது வசதி. ஆனால் நினைவிழந்தவரை முகம் மேலாகத் திருப்பி மிதக்கவைக்க அது வடிவமைக்கப்பட்டதன்று. அதனால்தான் பூம் என்று சொல்லப்படும், பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கட்டை தலையில் படாமல் பார்த்துக்கொள்வது தனி ஆளுக்கு இன்னும் முக்கியமாகிறது. உடையையும் நீரின் குளிருக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள், காற்றின் வெதுவெதுப்புக்கு ஏற்ப அன்று. நீர் உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்கிறது. 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு கட்டுக்கடங்காமல் இறைக்கும்; முதல் ஒரு நிமிடம் எதையும் செய்ய முயலாமல் படகைப் பற்றி மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்வதே அப்போது செய்ய வேண்டிய ஒரே வேலை.

மூன்று முறை முயன்றும் நிமிர்த்த முடியவில்லையென்றால் கவிழ்ந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்து விசில் ஊதுங்கள். நன்றாக நீந்துவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் அஞ்சுகிறேன். நீந்தத் தெரிந்தவர்களுக்கே படகை விட்டுக் கரைக்கு நீந்திவிடலாம் என்ற எண்ணம் வரும். கரை பார்வைக்கு எப்போதும் அருகில்தான் தெரியும். நீரில் ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட ஒரு படகைக் கண்டுபிடிப்பது மிக எளிது.

தக்கை மறந்தவர் எழுதியது:

பெரியவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். என் பெயரே என் பங்களிப்பு. படகின் பின்புறம் கீழே நீர் வடிவதற்கு ஒரு சிறு துளையும் அதற்கு ஒரு தக்கையும் இருக்கும். நான் அதைத் திருகாமல் இறக்கினேன். நாற்பது நிமிடம் கழித்துப் படகு மதுவருந்தியவர்போல் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடியபோது காற்றைத்தான் குறை சொன்னேன். உள்ளே புகுந்த நீர் படகை மூழ்கடிக்கவில்லை, ஆனால் சாயும்போதெல்லாம் அந்நீர் சாய்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்த்தது. அதே போலச் சுக்கான் கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு கொக்கியையும், நடுப்பலகையைப் படகோடு கட்டும் கயிற்றையும் பாருங்கள். படகு முழுக்கத் தலைகீழானால் இவை இரண்டும் தனியே கழன்று போய்விடும். இன்னொன்று, பாய்மரத்தை நிறுத்துவதற்கு முன் தலையை நிமிர்த்தி மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். அது அலுமினியக் குழாய். இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

முதல்பாய் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தக்கை இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. மாற்றிவிடுகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்கள் ஏரியில் பிற்பகல்களில் காற்று பெரும்பாலும் நான் இறங்கும் கரையை நோக்கியே வீசுகிறது. அப்படியானால் திரும்பும்போது பின்காற்றில் கரையை நோக்கி வேகமாக வருவேன். என் படகின் பாய் உறைபோல மரத்தில் மாட்டப்பட்டது, நீரில் வைத்து இறக்க முடியாது. மணலில் மோதாமல் எப்படி நிறுத்துவது? மற்றொன்று, பக்கம் மாற்றும்போது படகு பாதியில் காற்றை நேர்நோக்கி நின்றுவிட்டால் என்ன செய்வது? நண்பரின் படகில் இது ஒருமுறை நடந்தது. அவர் ஏதோ செய்து மீட்டார், என்ன செய்தார் என்று நான் கவனிக்கவில்லை.

சுக்கான்பிடி எழுதியது:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படகு அவ்வாறு நின்றுவிட்டால் சற்றுநேரத்தில் பின்னோக்கி நகரத் தொடங்கும். பின்னோக்கி நகரும் படகில் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதால் வழக்கமான முறையில் திருப்ப முயன்றால் மேலும் சிக்கிக்கொள்வீர்கள். பூமையும் சுக்கான் கைப்பிடியையும் ஒரே பக்கமாக, உங்களிடமிருந்து வெளியே தள்ளுங்கள். படகு பின்னால் நகர்ந்தபடியே அணியத்தை ஒருபக்கம் திருப்பும். காற்று பக்கவாட்டுக்கு வந்ததும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள், படகு முன்னோக்கி ஓடத் தொடங்கும். இரண்டு முறை தள்ளல், இரண்டு முறை இழுத்தல், அவ்வளவுதான். நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: படகுக்கு ஓட்டம் போதாத நிலையில் திருப்பத் தொடங்குவது. திருப்புவதற்கு முன் சற்று விலகி ஓட்டி வேகம் சேர்த்துக்கொண்டு, பிறகு கைப்பிடியை ஒரே சீராகத் தள்ளுங்கள். வெடுக்கென்று தள்ளினால் சுக்கானே தடைக்கட்டையாகி வேகத்தைத் தின்றுவிடும்.

கரையேறுவதற்கு உங்கள் படகு மற்றப் படகுகளைவிட வசதியானது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கம்பிகள் இல்லாததால், கயிறு போதிய நீளம் இருந்தால் பாயைப் படகுக்கு முன்புறமாகவே பறக்கவிடலாம். கரைக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பிப் படகை நிறுத்துங்கள். நிதானமாகச் சுற்றிப் பாருங்கள், குளிப்பவர்கள் எவரும் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாய்க்கயிற்றை முழுவதும் விட்டுவிட்டு மெல்லக் கரைநோக்கித் திரும்பினால், பாய் கொடிபோல முன்னால் பறக்க, படகுடல் மீது படும் காற்று மட்டுமே உங்களைத் தள்ளிக் கொண்டுவரும். நீர் ஆழம் குறையக் குறைய நடுப்பலகையைப் பாதி தூக்குங்கள், சுக்கான் பலகையின் பூட்டை விடுவித்து மேலே மடிய விடுங்கள். இடுப்பளவு நீர் வந்ததும் ஏரியின் பக்கமாக இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் இறங்க வேண்டாம், அலை படகை உங்கள் முழங்காலின் மேல் கொண்டுவந்து மோதும். இறங்கியதும் அணியத்தைப் பிடித்துக் காற்றை நோக்கித் திருப்பிவிட்டால் படகு சாதுவாக நிற்கும்.

கரைநோக்கிய காற்றில் புறப்படும்போது முதலில் எதிர்க்காற்றில் ஏறிப் போகிறீர்கள் என்பது உங்களுக்குச் சாதகம். களைப்பு வந்த பிறகு மீதமிருப்பது எளிய வழி. எப்போதும் இந்த வரிசையையே பின்பற்றுங்கள். பின்காற்றில் முதலில் இறங்கிப் போய்விட்டு, கைகள் ஓய்ந்த பிறகு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டிய நிலைக்கு ஆளாகாதீர்கள்.

வடம் எழுதியது:

எல்லாரும் தனியாகப் போவதை ஏற்றுக்கொண்டே பேசுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன். தனிப் படகில் தனியாக இருப்பது வேறு, நீர்ப்பரப்பிலேயே தனியாக இருப்பது வேறு. முன்னது நல்ல ஆசிரியர். உங்கள் தவறுக்கு உடன் வந்தவரைக் காரணம் காட்ட முடியாது, ஒவ்வொரு பிழையையும் படகு உடனே சொல்லிவிடும். பின்னதைத் தவிர்க்க வேண்டும். வேறு படகுகள் ஓடும் நாளில், கரையில் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இறங்குங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்நேரம் கடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். கைப்பேசியை நீர்புகாத உறையில் உடம்போடு வைத்திருங்கள். படகில் கட்டிவைத்தால் படகு போகும் இடத்துக்கு அதுவும் போகும்.

வேறு படகுகள் இருந்தால் வழிவிடும் விதிகளும் தேவை. கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள் பாய்மரப் படகுகளுக்குச் சொல்வது சுருக்கமானது. எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றைப் பெறும் இரு படகுகள் சந்தித்தால், இடப்பக்கத்திலிருந்து காற்று வரும் படகு விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கம் காற்று என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். முந்துபவர் எவராயினும் அவரே விலக வேண்டும். விசைப்படகு பொதுவாகப் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்றாலும், குறுகிய கால்வாயில் செல்லும் பெரிய கலத்தின் பாதையில் சிறு படகு குறுக்கிடக் கூடாது. உள்நாட்டு நீர்நிலைகளுக்குத் தனி விதிகள் இருக்கக்கூடும், படகை இறக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமை உங்களுடையதாக இருந்தாலும் முதல் மாதத்தில் எல்லாரையும் விட்டு ஒதுங்கியே ஓட்டுங்கள். எதிரே வருபவரும் அன்றுதான் முதன்முறை வந்தவராக இருக்கலாம்.

முதல்பாய் எழுதியது:

நேற்றுப் போய்வந்தேன். அறிவிப்பில் சராசரி மணிக்கு 11 கிலோமீட்டர், வீச்சு 16 என்று இருந்தது. காற்று கரைக்கு ஏறத்தாழ இணையாக, சற்றே கரைநோக்கி வீசியது. இருவர் படகு வைத்திருக்கும் அதே நண்பர் தம் படகில் அருகிலேயே ஓட்டினார். சிறிய பாய் கிடைக்கவில்லை, பெரியதையே பூட்டினேன்.

கரையோரம் கவிழ்த்துப் பார்த்தபோது முதல் முறை ஏழெட்டு நிமிடம் போராடினேன். இரண்டாம் முறை ஒரு நிமிடம்தான் ஆயிற்று. நடுப்பலகையில் நின்று, ஒன்றும் நடக்கவில்லையே என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே படகு எழுந்த விதம் நீங்கள் எழுதியபடியே இருந்தது. அதன்பின் கயிற்றை விட்டு நிறுத்துவதை எண்ணிப் பத்து முறை செய்தேன். ஐந்தாவது முறைக்குப் பிறகு அந்தப் படபடப்பு ஓசை காதுக்கு இதமாகவே இருந்தது. காற்றை நேர்நோக்கிச் சிக்கியது மூன்று முறை. தள்ளித் தள்ளி, இழுத்து இழுத்து மீண்டேன். பாயைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பும் முறை கைக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் நீரில் இருந்தேன், எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும் ஒருமுறைகூடக் கவிழவில்லை. திரும்பும் வழியில் காற்று நேர் பின்னாலிருந்து வந்தபோது எல்லாம் அமைதியாகவே இருந்தது. பாயை முழுவதும் வெளியே விட்டிருந்தேன். படகு இப்பக்கமும் அப்பக்கமும் தொட்டில்போல ஆடத் தொடங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் பாய் இருந்த பக்கம் அன்று, நான் உட்கார்ந்திருந்த பக்கமாகவே கவிழ்ந்தது. முதுகு முதலில் நீரில் விழுந்தது. காற்று தள்ளும் பக்கம் கவிழ்வது புரிகிறது, எதிர்ப்பக்கம் எப்படிக் கவிழ முடியும்? நண்பரின் படகில் இப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

அலைக்கோடு எழுதியது:

வாழ்த்துகள். ஒற்றைப் பாய்ப் படகு வைத்திருப்பவர்கள் அனைவரும் இப்படி ஒருமுறையேனும் விழுந்திருப்பார்கள், நான் எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நேர் பின்காற்றில் படகைப் பக்கவாட்டில் நிலைநிறுத்தும் விசை எதுவும் இல்லை. பாயை முழுவதும் விட்டதும், பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறு தளர்வாக இருந்ததும் சேர்ந்தால் பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு மரத்துக்கும் முன்னால் போய்விடும். அப்போது அந்த மேற்பகுதியில் படும் காற்று மரத்தின் நுனியை நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகத் தள்ளுகிறது. உங்கள் எடையும் அதே பக்கம் இருக்கிறது. உங்கள் நண்பரின் படகில் மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகள் பாயை அவ்வளவு தூரம் முன்னால் போகவிட்டிருக்கமாட்டா. அதனால் அங்கே இதை நீங்கள் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு.

அடுத்த முறை பூமைப் படகுக்குச் செங்குத்தாக விடாமல் சற்று உள்ளே வைத்திருங்கள், கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றைப் புறப்படும் முன்பே ஓரளவு இறுக்குங்கள், நடுப்பலகையை முழுவதும் தூக்கிவிடாமல் பாதியாவது நீரில் விடுங்கள். ஆட்டம் தொடங்கியதும் பாய்க்கயிற்றை ஓர் ஒன்றரை மீட்டர் இழுத்து, படகை இருபது பாகை அளவு காற்றை நோக்கித் திருப்பினால் உடனே அடங்கும். இங்கு மட்டும் கயிற்றை விடுவது மருந்தல்ல, இழுப்பதுதான் மருந்து. நேர் பின்காற்றில் வர வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. காற்று ஒரு தோளின் பின்னாலிருந்து வரும்படி சாய்வாக ஓட்டிக்கொண்டு வந்து, பாதி வழியில் நிதானமாகக் காற்றை நோக்கிச் சுற்றித் திரும்பி, மறுபக்கச் சாய்வில் கரையை அடையலாம். தூரம் சற்றுக் கூடும், முதுகு நனையாது.